தன்னைப் பற்றிச் சாட்சி கூறல்

பிறரைப் பற்றிப் பொய் கூறுதல் குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவன் தன்னைப் பற்றிய உண்மையைக் கூறுவதற்கே முன்கூட்டிப் பயிற்சி பெறுவானாயின், அது உண்மையாகவே எஞ்சுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கல்லூரி அநுமதிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பலர் எதிர்கொள்ளும் நேர்முகப் பரீட்சை இவ்வினாவை எழுப்புகின்றது. “உம்மைப் பற்றிக் கூறும்” என்பதே ஆங்குப் பெரும்பாலும் முதல் வினா. பதினேழு வயது மாணவன் அதற்குரிய விடையை வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கின்றான். வசதியுடையோர் கட்டணம் செலுத்தி ஆலோசகரையும் அமர்த்திக்கொள்கின்றனர்.

இலங்கை மாணவனுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியும், பல துறைகளில் மாவட்டப் பங்கீடுமே அவனது இடத்தைத் தீர்மானிக்கின்றன. அவனுக்காக எண் பேசுகின்றது. எண்ணுக்கு இரக்கமில்லை, எனினும் அது எவரையும் நடிக்குமாறு கேட்பதில்லை. ஆயினும் புலமைப்பரிசிலுக்கோ வெளிநாட்டுக் கல்விக்கோ விண்ணப்பிக்கும் நாளில், அவனும் தன்னைப் பற்றிப் பேசவேண்டியவனாகின்றான்.

தற்புகழ்ச்சியைத் தமிழ் மரபு முற்றாக விலக்கிற்று எனக் கருதுவோர் உளர். பவணந்தி முனிவரின் நன்னூல் இவ்விடயத்தை நுணுக்கமாக நோக்குகின்றது. எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என அதன் பாயிரம் விதிக்கின்றது. அதனையடுத்து நான்கு விலக்குகளையும் கூறுகின்றது. அரசவைக்கு ஓலை விடுக்குங்கால், தன் ஆற்றலை உணராதோரிடையே, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்த வேளையில் புலவன் தன்னைப் புகழலாம். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மாணவன் தன் ஆற்றலை அறியாதோர் முன்னிலையிலேயே நிற்கின்றான். எனவே அவன் பேசுதல் தகும். எப்பொழுது பேசலாம் என்பதற்கு இது விடை. எவ்வளவு பேசலாம் என்பது எஞ்சிநிற்கின்றது.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில், தன்னைப் பற்றிய உண்மையுடைமையை மிகைத்துக் கூறலுக்கும் குறைத்துக் கூறலுக்கும் இடைப்பட்ட நற்பண்பாக வைக்கின்றார். மிகைத்தலே கூடிய பழிக்குரியதாயினும் குறைத்தலும் உண்மையினின்று விலகலேயாம். பாடசாலை முடிந்ததும் கடையில் வேலை செய்து, இரவில் தம்பி தங்கையரைப் பராமரிக்கும் மாணவன் ஒருவன், “என்னிடம் சொல்வதற்கு எதுவுமில்லை” என்று கூறுவானாயின், அவன் அடக்கமுடையவனாகத் தோன்றினும் தன்னைப் பற்றிப் பிழையான செய்தியையே தருகின்றான். ஆயத்தம் செய்வதனால் தன் வாழ்வில் எது பொருட்படுத்தத்தக்கது என அவன் உணர்வானாயின் அவ்வாயத்தம் உண்மைக்குத் துணையாகின்றது.

பதினேழு ஆண்டுகளை அரை மணித்தியாலத்துள் அடக்கவேண்டியிருத்தலின் தெரிவும் ஒழுங்கும் தவிர்க்கமுடியாதன. சாட்சியும் தான் கண்டவற்றை ஒழுங்குபடுத்தியே கூறுகின்றான். ஆனால் அவன் நீதிபதியின் ஆசனத்தில் அமர்வதில்லை. இவ்வெல்லை மாணவனுக்கும் பொருந்தும். “நான் தலைமைத்துவம் மிக்கவன்” என்பது தீர்ப்பு. “நூலகத்துக்காக வீடு வீடாகச் சென்று நூல்கள் சேர்த்தோம், கணக்கை நான் எழுதினேன்” என்பது சாட்சியம். செயலைக் கூறுதல் அவன் கடன்; அதிலிருந்து பண்பை உய்த்துணர்தல் கேட்போர் கடன். அவன் கூற்றின் உண்மையைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. அவனோடு நூல்களைச் சுமந்த நண்பர் அவ்வறையில் இருந்தாலும் அதே சொற்களை அவன் கூறுவானா என்பதே அது.

ஒத்திகையினால் விளையும் கேடு கேட்போனை ஏமாற்றுதலோடு நின்றுவிடுவதில்லை. தந்தையின் மரணத்தை எவ்விடத்திற் குரல் தாழ்த்திக் கூறவேண்டும் எனப் பயின்ற மாணவன், பின்னர் தனிமையில் அம்மரணத்தை நினைக்கும்பொழுதும் அப்பயின்ற குரலையே கேட்க நேரிடலாம். துயரம் தகைமையாக மாற்றப்பட்டபின் அதனை மீண்டும் துயரமாகப் பெறுதல் அரிது. சிலவற்றைக் கூறாதிருத்தலும் மாணவனின் உரிமை என்பதை ஆயத்தம் செய்விப்போர் மறத்தலாகாது.

இனி, வினவுவோரின் பொறுப்பையும் நோக்குதல் வேண்டும். ‘பண்பு’, ‘ஆளுமை’ என்பன அநுமதியின் அளவுகோல்களான வரலாறு தூயதன்று. 1920களில் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர் தொகையைக் கட்டுப்படுத்தும் நோக்குடனேயே இவற்றுக்கு முதன்மை அளித்தன. ஹாவார்டுக்கு எதிராக 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கில், ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரருக்கு அநுமதி அலுவலகம் ஆளுமைக்கென வழங்கிய மதிப்பீடு வெள்ளையரினதை விடச் சராசரியிற் குறைந்திருந்தமை வெளிப்பட்டது. அவர்களை நேரிற் சந்தித்த பழைய மாணவரின் மதிப்பீடுகளிலோ அத்தகைய வேறுபாடு பெரிதாக இருக்கவில்லை. 2019இல் கீழ் நீதிமன்றம் உள்நோக்கமுடைய பாரபட்சம் நிறுவப்படவில்லை எனக் கண்டது. 2023இல் உச்ச நீதிமன்றம், இனத்தைக் கருத்திற்கொண்ட அவ்வநுமதி முறையைச் சட்டமுரணானதெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் எவ்வாறாயினும், காணாத ஒருவனின் பண்பைப் புள்ளியிட்டு அளத்தல் எத்துணை ஐயத்துக்குரியது என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

உணவு மேசையில் தன் கருத்தைக் கூறிப் பழகி வளர்ந்த பிள்ளை தயக்கமின்றிப் பேசும். பெரியோர் முன் மௌனம் காத்தலே மரியாதை எனக் கற்பிக்கப்பட்ட பிள்ளை தடுமாறும். வளர்ப்பின் வேறுபாட்டைப் பண்பின் வேறுபாடாகக் கொள்ளும் பரீட்சகர், மாணவனிடம் எதிர்பார்க்கும் நேர்மையைத் தாமே தவறவிடுகின்றனர். மாணவன் செய்ததையே கூறவும் பரீட்சகர் சொல்வன்மையை ஊடுருவிச் செயலை நோக்கவும் முற்படுவராயின், அவ்வுரையாடலின் முடிவு யாதாயினும், அதன்பொருட்டு எவரும் தம்மை இழக்கவேண்டியதில்லை.