நீர் வார்த்தலும் நீர் வடித்தலும்

பகவத் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் தமக்கு உவந்த காணிக்கைகளாக இலை, மலர், கனி, நீர் என்னும் நான்கைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் இலையே முதலில் நிற்கிறது. ஏழைக்கும் எட்டும் அந்த இலை, பக்தர்களின் உள்ளத்தில் பெரும்பாலும் துளசியாகவே தோன்றும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பேணிய நந்தவனத்தில் துளசியின் அடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்பது மரபு. ஆழ்வாரின் தொண்டு மாலை கட்டுவதில் தொடங்கவில்லை, மண்ணைக் கொத்துவதில் தொடங்கியது. இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

காலையில் நீராடி, ஒரு செம்பு நீர் வார்த்து, விளக்கேற்றி, வலம் வருவது துளசி பூஜை. அந்தமான் தீவுகளில் குடியேறிய தமிழர்களும் இந்நியமத்தை உடன் கொண்டு சென்றனர். ஆனால் அத்தீவுகளின் வானம் வேறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் இடம் அது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் வரை மண் நன்றாக உலர்வது அரிது.

நாள் தவறாமல் நீர் வார்ப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்ட இல்லத்தரசி ஒருத்தி, அடைமழைக் காலத்தில் என்ன செய்வாள்? நீர் தேங்கிய மண்ணில் வேர் காற்றின்றித் தவிக்கும். இலை மஞ்சளித்து உதிரும். அடித்தண்டு கறுத்து அழுகும். நீர் வார்த்தால் செடி மடியும். வார்க்காவிட்டால் நியமம் தவறும். இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது; பக்தியில் தோய்ந்த மனத்திற்கே அது உண்டாகும்.

ஆயினும் விடை கடினமானதன்று. வார்ப்பவரின் மனநிறைவுக்காக மட்டும் வார்க்கப்படும் நீர், துளசிக்குச் செய்யும் பூஜை ஆகாது. சங்கல்பம் நிறைவேற ஓர் உத்தரணி நீர் போதும். மழைக்காலத்தில் உண்மையான அபிஷேகம், தேங்கிய நீரை வடித்துவிடுவதே. மாடத்தின் அடியிலுள்ள துளை அடைபடாமல் காத்தல், அதன்மேல் ஓட்டுச் சில்லுகளை இடுதல், செம்மண்ணோடு மணலும் மக்கிய சாணமும் கலத்தல், மாடத்தை உயர்த்தி வெயில் படும் பக்கமாக அமைத்தல் ஆகியவை அனைத்தும் வழிபாட்டின் உறுப்புகளே. ஜீவனைச் சிவமாகக் கண்டு சேவை செய்யுமாறு பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அருளினார். சேவை பெறுபவருக்கு எது தேவை என்று பாராமல் செய்யப்படும் சேவை, செய்பவரின் அகங்காரத்தையே வளர்க்கும்.

தட்சிணேசுவரத்தில் அவரே துளசி வளர்த்த வரலாறு உண்டு. பஞ்சவடியில் பிறர் கண்ணில் படாமல் தியானம் செய்வதற்காக, துளசியையும் சங்குபுஷ்பத்தையும் வேலியாக நடச் செய்தார். ஆடுமாடுகள் அவற்றை மேய்ந்துவிட்டன. அச்சமயம் கங்கையின் பெருக்கில் கழிகளும் கயிறும் ஒரு கத்தியும் மிதந்து வந்து கரை ஒதுங்கின. தோட்டக்காரரின் துணையோடு அவற்றைக் கொண்டு வேலி அமைக்கப்பட்டது. செடிகள் அடர்ந்து வளர்ந்தன. சமாதியில் ஆழ்ந்த அம்மகானுக்கும் துளசியைக் காக்க வேலி தேவைப்பட்டது! பக்தி இருந்தால் செடி தானே வளரும் என்று அவர் இருந்துவிடவில்லை.

அந்தமானில் ஆடுமாடுகளைவிட நத்தையே பெரும்பகை. 1942 முதல் 1945 வரை தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியர் காலத்தில் வந்த ஆப்பிரிக்க இராட்சத நத்தை, இன்றும் தோட்டங்களை அழிக்கிறது. பகலில் குப்பையின் அடியில் ஒளிந்து, இரவில் வந்து இளஞ்செடிகளைத் தின்னும். அதன்மீது உப்பைத் தூவுவோர் உண்டு. அவ்வுப்பு மழையில் கரைந்து துளசியின் வேரையே சென்றடையும். பகையின்மீது வீசிய சினம், காக்க எண்ணியதையே சுடுகிறது. மாடத்தைச் சுற்றிக் குப்பை சேராமல் பார்த்துக்கொண்டு, அந்தியிலும் விடியலிலும் கையுறை அணிந்து நத்தைகளைப் பொறுக்கி அகற்றுவதே தக்க வழி. பொறுமை வேண்டும் வேலைதான். ஜபத்திற்கும் அது வேண்டியிருக்கிறது அல்லவா?

உப்பின் கொடுமையைத் தீவு மக்கள் நன்கறிவர். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதோடு நில்லாமல், விளைநிலங்களில் உவர்நீரையும் விட்டுச் சென்றது. தெற்கு அந்தமானில் தரையே தாழ்ந்தமையால் சிப்பிகாட் வயல்கள் நீரில் அமிழ்ந்தன. கடல்நீர் நின்ற மண்ணில் துளசி தழைப்பதில்லை. பல மழைகள் உப்பைக் கரைத்து அடித்துச் செல்லும் வரை அங்கு நடுவதில் பயனில்லை. அதுவரை மேட்டு மண்ணை எடுத்துத் தொட்டியில் வளர்க்கலாம். செடியை அழுகச் செய்த அதே மழை, அந்நிலத்திற்கு மருந்தாயிற்று.

ஜனவரி பிறந்தால் காட்சி மாறும். ஏப்ரல் வரை மழை குறைவு, வெயில் ஏறும். அப்போது செம்பு நிறைய நீர் வார்க்கலாம், விரலால் தொட்டு மேல்மண் உலர்ந்ததை அறிந்தபின். பூங்கதிர்கள் தோன்றியதும் அவற்றைக் கிள்ளிப் பகவானுக்குச் சாத்தினால் செடியும் கிளைத்துத் தழைக்கும். ஒன்றிரண்டு கதிர்களை மட்டும் முற்றவிட வேண்டும். துளசிச் செடி பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளே செழித்திருக்கும். பழஞ்செடி உலர்வதற்கு முன்பே, கடுகினும் சிறிய அதன் விதைகளை நுண்மணலோடு கலந்து, மழை நேரே விழாத தாழ்வாரத்தில் ஒரு சட்டியில் மேலாகத் தூவி வைப்பர். ஓரிரு வாரங்களில் பச்சை முளைகள் தலைகாட்டும்; அவற்றில் திடமான ஒன்று மாடத்திற்குச் செல்லும், மற்றவை அண்டை வீடுகளுக்குச் செல்லும்.