சந்தனம் யாருக்குச் சொந்தம்?

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர் போனது. வெட்டிய கட்டைகளை அடுக்கத் திருப்பத்தூரில் அரசுக் கிடங்கே வைத்தார்கள். இன்றோ, சந்தனம் சர்வதேச செம்பட்டியலில்!

திருடர்கள் வெட்டினார்கள், வாஸ்தவம். ஆனால், பாதுகாத்த விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1792-ல் திப்பு சுல்தான், 'சந்தனம் அரசருக்கே' என்றார். பின்னால் வந்த அரசுகளும் அதே வழி. உங்கள் பட்டா நிலத்தில், பறவை போட்ட விதையில் தானாக முளைத்தாலும் அது சர்க்கார் மரம். காணாமல் போனால் கேள்வி உங்களிடம். காமர்ஸ் பாஷையில், சொத்து அவர்களுக்கு, பொறுப்பு உங்களுக்கு. பலர் என்ன செய்தார்கள்? கன்றிலேயே பிடுங்கிப் போட்டார்கள். பேராசை இல்லை சார், பயம்.

2002-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. பட்டா நிலத்து மரம் நிலக்காரருக்கே என்றானது. அதன் பிறகுதான் நட ஆரம்பித்தார்கள்.

'சொந்தம் என்றால்தான் காப்பாற்றுவீர்களா, இது வியாபாரம் இல்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், தண்டனையை மட்டும் பங்காகக் கொடுத்துவிட்டுப் பாசத்தை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? காட்டுக்குள் நிற்கிற மரத்துக்கும் இதே கணக்குதான். மலைக்காரருக்கு அதில் ஒரு பங்கு வேண்டும்.

சந்தனக் கன்று பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துத்தான் பிழைக்கும். பக்கத்து மனிதரைப் பகைத்துக்கொண்டு அதை எப்படிக் காப்பாற்றுவது?