முழு மதிப்பெண்ணும் மூடிய கதவும்

திருப்பதியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு அலிபிரி புதிய இடமன்று. திருமலைக்கு நடந்து ஏறுவோர் முதற்படியில் கற்பூரம் ஏற்றிப் புறப்படும் அடிவாரம் அது. அங்கிருந்து ஏறத்தாழ 3,550 படிகள். ஒன்பது கிலோமீட்டர் வழி. தேர்வுக் காலம் நெருங்கினால் அப்படிகளில் மாணவர் பலரைக் காணலாம். பிள்ளைகள் முன்னே ஏற, பெற்றோர் மூச்சு வாங்கப் பின்னே வருவர். படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறும் தாய்மாரும் உண்டு. அவர்களுடைய வேண்டுதல் பெரும்பாலும் இரண்டு: முழு மதிப்பெண், விரும்பிய கல்லூரி. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டுகிறோம். அவை இரண்டும் ஒன்றுதானா என்று நின்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நாமும் அவ்வாறே இருந்தோம். நம் மகள் இண்டர்மீடியட் படித்த காலத்தில், காலி கோபுரத்தருகே இளைப்பாறியபோது, "கணக்கில் முழு மார்க்கு வாங்கிவிடம்மா, சென்னையில் நீ கேட்கிற காலேஜ் உனக்குத்தான்" என்று வாக்களித்தோம். அவள் வாங்கினாள். தாள் ஒன்றுக்கு 75 வீதம், கணிதத் தாள் எதிலும் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. ஆயினும் கல்லூரியின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளைப் போல் முழுமையாகப் பெற்றோர் பலர், இடங்களோ சில. பட்டியலைப் பார்த்தவள் அழவில்லை. "நான் எதிலே குறை வெச்சேன்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய நமக்கு அந்த ஒரு வினாவுக்கு விடை எழுதத் தெரியவில்லை.

மதிப்பெண் என்பது யாது? வினாத்தாள் கேட்டதற்கும் மாணவர் எழுதியதற்கும் உள்ள பொருத்தத்தின் அளவு. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அவ்வரம்பை எத்தனை பேராயினும் தொடலாம். கல்லூரி இடமோ எண்ணி வைக்கப்பட்ட பொருள். ஒருவர் அமர்ந்தால் மற்றொருவர் நிற்க வேண்டும். அரசுப் பணியாளர்க்கு இது எளிதில் விளங்கும். துறைத் தேர்வில் தேறியவர் அனைவர்க்கும் மறுநாளே பதவி உயர்வு வருவதில்லை, காலியிடம் வேண்டும். தேறியும் காத்திருப்பவரை நாம் திறமையற்றவர் என்பதில்லை. அலுவலகத்தில் அறிந்த இவ்வுண்மையை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறோம்.

நாடறிந்த சான்றுகளும் உள்ளன. 2020-ஆம் ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் இருவர் 720-க்கு 720 பெற்றனர். இருவர் தாளிலும் குறையில்லை என்றானபோது, வயதில் மூத்தவருக்கு முதலிடம் வழங்கப்பட்டது. உழைப்பு சொல்லி முடித்தபின் பிறந்த நாள் பேசிற்று! 2024-இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தேர்வை எழுதினர். ஜூன் 4 அன்று வெளியான முடிவில் முழு மதிப்பெண் பெற்றோர் 67 பேர். பலரின் கனவான தில்லி எய்ம்ஸ் கல்லூரியிலோ எல்லாப் பிரிவினர்க்கும் சேர்த்தே ஏறத்தாழ 125 இடங்கள். பொதுப் பிரிவுக்கு உரியவை 67-ஐவிடக் குறைவு.

கதை அத்துடன் முடியவில்லை. அந்த 67 பேரில் 6 பேருக்குத் தேர்வு நேரம் வீணானதற்காகக் கருணை மதிப்பெண் சேர்ந்திருந்தது. அது பின்னர் நீக்கப்பட்டது. வேறு 44 பேரின் முழுமை ஓர் இயற்பியல் வினாவைச் சார்ந்திருந்தது. பழைய பதிப்புப் பாடநூலை ஒட்டி அவ்வினாவுக்கு இரு விடைகள் ஏற்கப்பட்டிருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர் குழு ஒரே விடைதான் சரி என்றது. ஜூலைத் திங்களில் திருத்திய முடிவு வந்தபோது எஞ்சியவர் 17 பேர். ஜூன் மாதத்தில் குறையற்றவராய் இருந்த பிள்ளை ஜூலை மாதத்தில் குறையுடையவர் ஆகிவிட்டாரா? அவருடைய அறிவில் ஓர் அணுவும் மாறவில்லை, அளவுகோல் மாறிற்று.

இடம் மாறி வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரக் கல்வி நிலையங்களில் 85 விழுக்காடு இடங்களை அந்தந்தப் பகுதியில் பயின்றோர்க்கு ஒதுக்கியது. பின்தங்கிய பகுதிகளைக் காக்கும் நியாயம் அதில் உண்டு. ஆனால் பணிமாற்றத்தோடு ஊர் ஊராகப் போகும் குடும்பத்துப் பிள்ளை எந்த ஊருக்கு உரியவர் என்ற வினா, மதிப்பெண்ணுக்கு அப்பால் நின்று கதவைத் திறக்கிறது, மூடவும் செய்கிறது.

ஆகவே கல்லூரிக் கனவே வீண் என்பதா? அன்று. முயற்சியைப் பழிப்பது நம் நோக்கமன்று. கசிந்த வினாத்தாளையும் பிழையான மதிப்பீட்டையும் 'விதி' என்று சொல்லி ஒதுங்குவது அறமும் அன்று. 2024-இல் மாணவர்கள் நீதிமன்றம் ஏறியது சரியே. நல்ல கல்லூரிகள் பெருக வேண்டும் என்று கேட்பதும் நம் கடமை. ஆனால் நேர்மையாய் நடந்த தேர்விலும், நேர்மையாய்ப் பங்கிட்ட இடத்திலும், தகுதியுள்ள சிலர் வெளியே நிற்கவே நேரும். அவர்களுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் சிறுவராய் இத்திருப்பதியில், லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் பயின்றதற்குப் பெருங்கனவு எதுவும் காரணமன்று. வசதி குறைந்த அவருக்கு, படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களைக் கொடுத்தார். பாடம் அவ்வாறு அமைந்தது. எல்லாரும் இராதாகிருஷ்ணன் ஆகிவிடுவர் என்று இதனால் சொல்ல வரவில்லை. அது பொய்யான ஆறுதல். கைக்கு வந்த நூலை அவர் கருத்தூன்றிப் படித்தார் என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

நம் மகள் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். சில திங்கள் கழித்து மீண்டும் அலிபிரியிலிருந்து ஏறினோம். நடப்பது நம் கால். ஆனால் மேலே சந்நிதியில் நிற்கும் நேரம் நம்முடையதன்று. மணிக்கணக்கில் ஏறியவரையும் "ஜருகண்டி" என்ற குரல் நொடியில் நகர்த்திவிடும். அதனால் ஏறியது வீண் என்று எவரும் சொல்வதில்லை. காலி கோபுரத்தருகே அவளிடம் சொன்னோம்: "குறை உன்கிட்ட இல்லையம்மா. என் கையிலே இல்லாததைத் தர்றேன்னு சொன்னேனே, அந்த வாக்குலதான் குறை." அவள் பதிலேதும் சொல்லவில்லை. நம் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள்.

பெற்றோர் இதைத் தேர்வுக்குப் பின் சொல்வதினும் முன்னரே சொல்லிவிடுவது நன்று. படிப்பு பிள்ளையின் கடன். இடம் பலர்க்குரிய பங்கு. நம் அன்போ, இவை இரண்டையும் சாராதது. அது மட்டுமே நாம் உறுதியாக வாக்களிக்கக் கூடியது.