அட்வான்ஸ் பணம் ஓர் அமானிதம்

மனிதர்கள் அமைதி பெறும் இடமாக இல்லங்களை ஆக்கித் தந்திருப்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹுத் தஆலா அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அந்த அமைதி சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும் உரியதன்று. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் உரியது. அதைக் கெடுக்காமல் காப்பது, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம் மீது கடமை.

கோவளத்திற்கு ஜியாரத் சென்று வருவோர் வழியில் முட்டுக்காட்டைக் கண்டிருப்பர். 1984இல் அங்கே உப்பங்கழியில் அரசின் படகுத்துறை வந்தது. 1996இல் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாயிற்று. சென்னை தெற்கு நோக்கி வளர்ந்தது. இன்று அவ்வட்டாரத்தில் கட்டட வேலை ஓய்வதில்லை. கொத்து வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும், காவல் வேலைக்கும் வருவோர் பக்கத்து ஊர்களில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். கட்டடம் உயர உயர வாடகையும் உயர்கிறது, அட்வான்சும் உயர்கிறது.

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். எட்டாயிரம் ரூபாய் வாடகை என்றால் எண்பதாயிரம் ரூபாய். ஏழைக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அது. அதை வாங்கும்போது புன்னகை செய்கிறோம். திருப்பித் தரும் நாளிலோ, "வேறு ஆள் குடி வரட்டும், அவர் அட்வான்ஸ் தந்ததும் வாங்கிக்கொள்" என்கிறோம். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறோம்.

சகோதரர்களே! அந்தப் பணம் யாருடையது? செலவழிக்காமல் வைத்திருந்தால் அது அமானிதம். செலவழித்துவிட்டால் நம் மீது கடன். எப்படிப் பார்த்தாலும் அது நம் பொருளன்று. அமானிதத்தில் மோசடி செய்வது நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வசதியுள்ளவன் கடனைத் தராமல் இழுத்தடிப்பது அநியாயம் என்றும் அருளினார்கள். உயிரையே தியாகம் செய்த ஷஹீதுக்கும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்றால், நம் நிலை என்ன?

இதில் நாம் கவனிக்காத இன்னொரு பாவமும் உண்டு. காலி செய்பவர் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் அங்கே சாவி கிடைக்கும். நாம் தராததால் அவர் மனைவியின் நகையை அடகு வைக்கிறார், வட்டி கட்டுகிறார். நாம் வட்டி வாங்கவில்லை, கொடுக்கவில்லை என்று நிம்மதியாகத் தொழச் செல்கிறோம். அவரை வட்டிக் கடையின் வாசலுக்குத் தள்ளியது யார்?

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாகத் தமிழக அரசு 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய பாக்கி போக மீதியைத் தந்துவிட வேண்டும். குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் குற்றம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா 282ஆம் வசனம் முன்னரே கற்பித்திருக்க, "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று நாம் கேட்பது முறையா?

குடியிருப்போரும் ஒன்றை மறக்கலாகாது. வாடகை வீடு குடியிருப்பவர் கையில் அமானிதம் என்பதே நம் ஃபிக்ஹ் நூல்களின் தீர்ப்பு. வழக்கமான புழக்கத்தில் சுவர் மங்கினால் அவர் பொறுப்பல்லர். அலட்சியத்தால் கெடுத்தால் அவரே பொறுப்பாளி. தவணை முடிந்தும், உடையவர் விரும்பாமலே, பழைய வாடகையைக் காட்டி வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பிறர் சொத்தை அபகரிப்பதாகும். அங்கே நிற்கும் தொழுகை எப்படி மனநிறைவு தரும்?

ஆகவே வீடு அவர் கையில் அமானிதம். அட்வான்ஸ் நம் கையில் அமானிதம். தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்போருக்குக் கேடு என்று அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. மாதம் பிறந்ததும் வாடகையைக் கேட்கும் நாம், காலி செய்யும் நாளில் அட்வான்சை எண்ணி வைப்போம். உடனே தர முடியாத நிலை வரும் என்றால், தாங்காத அளவு வாங்காதிருப்போம். மஹல்லா ஜமாஅத்துகளும் திருமண வழக்குகளைத் தீர்ப்பதுபோல் இவ்வழக்குகளையும் கேட்டு நீதி செய்ய முன்வர வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் நம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். காலி செய்து போன யாருக்கேனும் பாக்கி இருக்கிறதா? இருந்தால் அவர் தேடி வருமுன் நாம் அவரைத் தேடிச் செல்வோம். தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாளில் நம் நன்மைகளை எடுத்து அவருக்குக் கொடுக்கும் நிலையிலிருந்து எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.