கணக்கேடு யாருடையது?

எந்திரம் மனிதனின் வேலையைப் பறிக்குமா என்பது பழைய வினா. செயற்கை நுண்ணறிவு அதனோடு மற்றொன்றையும் எழுப்புகிறது: ஒருவனைப் பற்றிய செய்திகளை அவனறியாமல் திரட்டி, அவன் தகுதியைத் தீர்மானிக்கப் பிறர்க்கு உரிமை உண்டா?

பேராக் தமிழர் இவ்விரு வினாக்களையும் வாழ்ந்து பார்த்தவர்கள். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றோரின் பெயரும் நாட்கணக்கும் செக்ரோலில் ஏறின. எழுதியவர் கிராணி, அளக்கப்பட்டவர் பால்வெட்டுத் தொழிலாளி. ஏடு அவரை அறிந்திருந்தது; அவரோ ஏட்டை அறிந்திலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், முடிவெடுத்தோர் ஒருவர். மூட்டை கட்டியோர் மற்றொருவர். 1985இல் ஈயச் சந்தை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல மூடப்பட்டபோதும் நிகழ்ந்தது இதுவே.

பிள்ளைகளாவது பால்கத்தியை விட்டுப் பேனாவைப் பிடிக்கட்டும் என்று பெற்றோர் உழைத்தனர். அப்பிள்ளைகள் ஈப்போவின் அலுவலகங்களில் அமர்ந்தனர். கடிதம் வரைவதும் கணக்குப் பார்ப்பதும் எந்திரத்துக்குக் கைவந்துவிட்ட இக்காலத்தில், கிராணியின் நாற்காலியே ஆட்டங்காண்கிறது.

செக்ரோலோ இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கே வந்துவிட்டது. 2017இல், மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றின் விவரங்கள் கசிந்தமை வெளிப்பட்டது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நிறுவனங்கள் நம்மைப் பற்றி வைத்துள்ள விவரத்தைக் கேட்டறியவும் திருத்தவும் உரிமை தருகிறது. ஆயினும் அது மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. இருக்கும் உரிமையையேனும் கேட்டுப் பெறுவோர் நம்மில் எத்தனை பேர்?

எந்திரத்தை வெறுப்பது இதற்கு விடையாகாது. தாய்மார் இருள் பிரியுமுன் மலைக்காட்டுக்குச் சென்ற காலம் திரும்ப வேண்டுமென எவரும் விரும்பார். ஆனால், உழைப்பைக் குறைக்கும் கருவி உழைத்தவனையே ஒழிப்பது அறமாகுமா? சுங்கை சிப்புட் தந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். துண்டாடலைக் கண்டு புலம்பி அமராது, தொழிலாளரின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். உடைமையில் பங்கில்லாதவனுக்கு மாற்றம் என்பது வெளியேற்றமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இன்றைய நிலம் தரவு. அதனை விளைவிப்போர் நாம். நம்மைப் பற்றி எழுதப்படும் ஏட்டைப் படிக்கும் உரிமையும், நம் வேலையை மாற்றும் எந்திரத்தின் பயனில் பங்கும் நாம் கேட்க வேண்டியவை. இவை சலுகைகள் அல்ல; மனித மாண்பின் குறைந்த அளவு.