வயலோரக் கதிர்கள்

டிசம்பர் பிறந்தால் நம் சபைகளில் ஸ்டார் கட்டும் வேலையோடு ஒரு கேள்வியும் கூடவே தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் கொண்டாடச் சொல்லி வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இதைக் கேட்கிறவர்கள் விசுவாசத்தில் அசட்டையானவர்கள் அல்லர். பெரும்பாலும் வேதத்தைக் கருத்தாக வாசிக்கிறவர்களே கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. டிசம்பர் 25 என்ற தேதி நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. ரோமாபுரியில் அந்த நாளைக் கிறிஸ்துவின் பிறந்தநாளாகக் குறித்ததற்குக் கிடைக்கும் முதல் தெளிவான சான்றே 336-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்தாலோ, பண்டிகைகள் நாள் குறித்து வரிசையாக நிற்கின்றன. முதலாம் மாதம் 14-ஆம் தேதி அந்திநேரத்தில் பஸ்கா, மறுநாள் தொடங்கி ஏழு நாள் புளிப்பில்லா அப்பம், அறுப்பின் முதற்கதிர்க்கட்டு, அதிலிருந்து ஐம்பதாம் நாளில் நாம் பெந்தெகொஸ்தே என்று அறிந்த வாரங்களின் பண்டிகை. பிறகு ஏழாம் மாதத்தில் எக்காளம், பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை. தேவனே தம்முடையவை என்று உரிமை பாராட்டிய நாட்கள் இவை. மனிதர் வைத்ததை விட்டுவிட்டுத் தேவன் வைத்ததைப் பிடித்துக்கொள்வதுதானே முறை என்கிறார்கள்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இயேசு சிலுவையில் மரித்தது பஸ்கா காலத்தில். பரிசுத்த ஆவியானவர் இறங்கியது பெந்தெகொஸ்தே நாளில். கூடாரப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எருசலேமில் எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவர்களைத் தம்மிடம் அழைத்தார். பவுல் ஆசியாவில் தாமதிக்காமல் கப்பலேறியதற்குக் காரணம், பெந்தெகொஸ்தேக்குள் எருசலேம் போய்ச் சேர வேண்டும் என்ற ஆவல். இந்தப் பண்டிகைகளைத் தெரிந்துகொண்டு புதிய ஏற்பாட்டை வாசிக்கிறவருக்குப் பல இடங்கள் புதிதாகத் துலங்கும். திருச்சபையோ இந்த வேரைப் பல நூற்றாண்டுகள் மறந்திருந்தது. சில வேளை வெறுப்போடும் வெட்டியது. 325-இல் நிசேயா சங்கம் முடிந்தபின், ஈஸ்டர் நாளை யூதர்களின் கணக்கிலிருந்து பிரிப்பதைப் பற்றிச் சபைகளுக்குக் கடிதம் எழுதிய கான்ஸ்டன்டைன் மன்னர், யூதர்களைக் கடுமையாக இகழ்ந்தார். பிற்கால ஐரோப்பாவில் பஸ்காவும் பரிசுத்த வாரமும் வந்தாலே பொய்ப்பழிக்கு அஞ்சி யூதக் குடும்பங்கள் நடுங்கின. ஆகவே, வேருக்குத் திரும்ப விரும்புகிறவர்களின் ஏக்கத்தில் நீதியின் குரலும் கலந்திருக்கிறது.

ஆனால் வேதத்தில் உள்ளபடியே பண்டிகையைக் காப்பது இன்று யாருக்குச் சாத்தியம்? பஸ்காவை அவரவர் ஊரில் அடிக்கக்கூடாது, கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்திலேயே அடிக்க வேண்டும் என்கிறது உபாகமம் 16. அந்த இடத்தில் இருந்த தேவாலயம் கி.பி. 70-இல் ரோமப் படையின் கையில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு யூத மக்கள் வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, நான்கு கிண்ணங்களோடும் பிள்ளைகளின் கேள்விகளோடும் காத்துவருகிற பஸ்கா இரவு, ரபீக்கள் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு. அவர்களுடைய நாட்காட்டியின் கணக்கும் நான்காம் நூற்றாண்டின் இரண்டாம் ஹில்லேல் வகுத்தது என்பது மரபுவழிச் செய்தி. சபையின் பாரம்பரியத்தை விட்டு வேதப் பண்டிகைக்குப் போகிற கிறிஸ்தவர், தாம் அறியாமலே இன்னொரு பாரம்பரியத்தின்மேல்தான் நிற்கிறார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காத்தவர்களின் கைபடாமல் எந்தப் பண்டிகையும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வந்ததில்லை.

வேதமே இன்னும் ஆழமாக நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. யோவான் 10-ஆம் அதிகாரத்தில் மாரிகாலம். எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடக்கிறது. இயேசு சாலொமோன் மண்டபத்தில் உலாவுகிறார். அந்தப் பண்டிகை லேவியராகமத்தில் இல்லை. கி.மு. 164-இல் யூதா மக்கபே தேவாலயத்தைச் சுத்திகரித்ததன் நினைவாக மக்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டது அது. மோசே கட்டளையிடாத நாள் என்று இயேசு அதை ஒதுக்கவில்லை. இப்போது ஏசாயா முதலாம் அதிகாரத்தையும் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தேவன் வெறுக்கிற பண்டிகைகள் அந்நிய தேவர்களுக்கு எடுத்தவை அல்ல, அவரே நியமித்தவை. நாள் தவறவில்லை, பலி தவறவில்லை, பாட்டும் வீணையும் தவறவில்லை. ஆனால் ஏழை மிதிக்கப்பட்டான், விதவையின் வழக்கு கேட்பாரற்றுக் கிடந்தது. மக்கள் வைத்த பண்டிகையில் தேவகுமாரன் நடந்தார். தேவன் வைத்த பண்டிகையிலிருந்து தேவனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேதத்தில் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியால் ஒரு பண்டிகையை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தக் கேள்வி நம்மோடு பிறந்ததும் அல்ல. 155-ஐ ஒட்டிய காலத்தில் சிமிர்னா சபையின் கண்காணியான பாலிகார்ப் முதிர்ந்த வயதில் கடல் கடந்து ரோமாபுரிக்கு வந்தார். ஆசியச் சபைகள் யூத நாட்காட்டியின் நிசான் 14-ஆம் நாளை, அது எந்தக் கிழமையில் வந்தாலும், கிறிஸ்துவின் பஸ்காவாகக் காத்தன. ரோமாபுரிச் சபை அந்த நாளைக் காப்பதில்லை. அதன் கண்காணி அனிசெட்டஸ் தம் முன்னோரான மூப்பர்களின் வழக்கத்தை விட மனமில்லாமல் இருந்தார். பாலிகார்ப்போ, அப்போஸ்தலன் யோவானோடும் மற்ற அப்போஸ்தலரோடும் தாமே காத்துவந்த நாள் இது என்றார். இதைவிட வலுவான ஆதாரம் யாரிடம் இருக்க முடியும்? ஆனாலும் இவர் அவரை மாற்றவில்லை, அவர் இவரை மாற்றவில்லை. பேச்சு அந்த அளவில் நின்றபோது அனிசெட்டஸ் செய்த காரியம்தான் நம் கவனத்துக்குரியது. தம் சபையில், தம் இடத்தில், திருவிருந்தை நடத்தும்படி பாலிகார்ப்பை முன்னே நிறுத்தி அவரைக் கனப்படுத்தினார். தவறான நாளைக் காக்கிறவர் என்று தாம் எண்ணிய மனிதரின் கையால் ரோமாபுரிச் சபை அப்பத்தை வாங்கியது. இருவரும் சமாதானத்தோடே பிரிந்தார்கள்.

ஒரு தலைமுறைக்குப் பின் நிலைமை மாறியது. 190 வாக்கில் ரோமாபுரியின் கண்காணியாக இருந்த விக்டர், இதே நாளைக் காரணம் காட்டி ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்தே விலக்க முனைந்தார். அப்போது அவரைத் தடுத்து எழுதியவர் லியோன் நகரத்தின் ஐரேனியஸ். அவர் ஞாயிற்றுக்கிழமையைக் காக்கிறவர், அதாவது விக்டரின் பக்கத்தவர். தம் பக்கம் சரி என்று நம்பிக்கொண்டே, எதிர்ப்பக்கத்தாரை வெளியே தள்ளாதே என்று தம்மவரிடமே மன்றாடினார். பாலிகார்ப், அனிசெட்டஸ் சந்திப்பு நமக்குத் தெரிய வந்ததே, யூசேபியஸ் பாதுகாத்துத் தந்த ஐரேனியஸின் அந்தக் கடிதத்தால்தான்.

நாளை ஆயுதமாக எடுப்பது ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே உரிய பாவம் அல்ல. 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் பண்டிகைகளாக ஆசரிப்பதை ஒழித்தது. 1659-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஒரு காலத்தில் நாளைக் காத்தவனை விலக்க முனைந்தார்கள், இன்னொரு காலத்தில் நாளைக் கொண்டாடியவனைத் தண்டித்தார்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், இருவரும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்யட்டும் என்று ரோமர் 14-இல் பவுல் எழுதியது இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொருந்தும். பண்டிகை நாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த இடங்கொடாதீர்கள் என்ற கொலோசெயருக்கான புத்தியும் காக்கிறவரையும் காக்காதவரையும் ஒருசேரப் பாதுகாக்கிறது.

அப்படியானால் எந்தப் பண்டிகையானாலும் சரியா? அளவுகோலே இல்லையா? இருக்கிறது. அதுவும் லேவியராகமம் 23-லேயே, பண்டிகைப் பட்டியலின் நட்டநடுவில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே முடிந்து எக்காளப் பண்டிகை தொடங்கும் முன் 22-ஆம் வசனம் வருகிறது. அதில் நாளும் இல்லை, பலியும் இல்லை. வயலை அறுக்கும்போது ஓரத்தை முற்ற அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. அவ்வளவுதான். பண்டிகைகளை மட்டும் தேடிப் படிக்கிறவரின் கண் இதைத் தாண்டிப் போய்விடும். தேவனோ இதைப் பண்டிகைக்கும் பண்டிகைக்கும் நடுவே வைத்தார். இதைப் பிச்சை என்று சொல்ல முடியாது. அறுத்து அளந்து கையில் போடு என்று கட்டளை இல்லை. விட்டு வை, அவர்களே வந்து அறுத்துக்கொள்ளட்டும் என்பதே கட்டளை. ஓரத்துக் கதிர் வயற்காரனுடையது அல்ல, அது எளியவனின் உரிமை. உபாகமம் 16-ம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பண்டிகையில் யார் யார் சந்தோஷப்பட வேண்டும் என்ற பட்டியலில் மகனும் மகளும் மட்டும் இல்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள்.

இந்த ஒரு வசனத்துக்குக் கீழ்ப்படிந்ததால் என்ன விளைந்தது என்பதை ரூத்தின் புத்தகத்தில் கண்ணாரக் காணலாம். பஸ்கா காலத்து வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் மோவாபியப் பெண் ஒருத்தி மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். விதவை, பரதேசி, கையில் ஒன்றுமில்லாதவள். போவாஸின் வயலில் அறுக்கிறவர்களின் பின்னே சிந்தினதைப் பொறுக்குகிறாள். போவாஸ் அவளைத் தன் வேலையாட்களோடு உட்காரவைத்து வறுத்த கோதுமை கொடுக்கிறான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு, மீந்ததை மாமியாருக்கு எடுத்து வைக்கிறாள். அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று போவாஸ் ஆட்களிடம் சொல்லி வைக்கிறான். கோதுமை அறுப்பு முடிகிறவரை, அதாவது பெந்தெகொஸ்தே காலம் மட்டும், அவள் அங்கே பொறுக்கினாள். யூத மக்கள் இந்தப் புத்தகத்தை வாரங்களின் பண்டிகையில் வாசிப்பதில் எத்தனை பொருத்தம்! அந்த ரூத்தின் மகன் ஓபேத், அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது. மத்தேயு முதலாம் அதிகாரம் அந்த வரிசையை இயேசு வரை கொண்டுபோகிறது.

பெந்தெகொஸ்தேயும் கிறிஸ்துமஸும் சந்திக்கிற இடம் பெத்லகேமின் அந்த வயலோரம்தான். லேவியராகமத்தின் பண்டிகைச் சட்டத்தை ஒரு மனிதன் முழு இருதயத்தோடு காத்தான். அதனால் அந்நியப் பெண் ஒருத்தி பசியாறினாள். அவளுடைய வம்சத்தில் கிறிஸ்து பிறந்தார். நாம் இன்று எந்த நாளைக் காப்பது என்று வழக்காடுகிற இரண்டு பண்டிகைகளும் ஓரத்தில் விடப்பட்ட கதிர்களால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன.

நம்மைச் சுற்றிலும் இதை அறிந்தவர்கள் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் புளிப்பில்லாமல் அரிசியும் உளுந்தும் அரைத்துப் பெசஹா அப்பம் அவிக்கிறார்கள். அதன்மேல் குருத்தோலை ஞாயிற்றின் ஓலையைச் சிலுவையாக வைக்கிறார்கள். குடும்பத் தலைவர் ஜெபித்துப் பிட்டுக் கொடுக்க, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பாலோடு எல்லாரும் உண்கிறார்கள். பஸ்காவும் பரிசுத்த வாரமும் அந்த ஒரே தட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் அப்பம் அவிப்பதில்லை. அயல்வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். துக்கத்தில் இருக்கிறவர் வீட்டுக்கும் பண்டிகையின் பங்கு போய்ச் சேர வேண்டும் என்ற அந்த வழக்கத்தில் 22-ஆம் வசனம் உயிரோடு இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமைச் சபைகளின் அசன விருந்திலும் அதைப் பார்க்கலாம். ஒரே உலைச் சோற்றுக்கு ஊரே வரிசையாக உட்காரும்போது, அந்த நாள் லேவியராகமத்தில் குறிக்கப்பட்டதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

ஆகவே பஸ்காவைக் காக்க விரும்புகிற சகோதரர் காக்கட்டும். யூத மக்களின் நினைவைத் தம்முடையதாகப் பறித்துக்கொள்ளாமல், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிற தாழ்மையோடு காக்கட்டும். கிறிஸ்துமஸைக் கொண்டாடுகிறவர், அதை வேதம் கட்டளையிட்டது போலப் பிறர்மேல் சுமத்தாமல் நன்றியோடு கொண்டாடட்டும். இருவரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. என் பண்டிகையில் யாருக்கு இடம் இருந்தது? தையற்காரரின் கூலி பண்டிகைக்கு முன் கொடுக்கப்பட்டதா? வீட்டில் வேலை செய்கிற அக்கா அன்று நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டாரா, பின்கட்டில் மீந்ததை வாங்கிப் போனாரா? என்னைவிட வேறு நாளைக் காக்கிற சகோதரர் என் மேசைக்கு வரலாமா?

நாளைக் குறிக்கிற உரிமையைப் பற்றி மனிதர் வழக்காடலாம். நாளைப் பரிசுத்தமாக்குகிறவர் கர்த்தர். அந்நியருக்கென்று ஓரத்தை விட்டுவைக்கிற எந்த நாளையும் அவர் தம்முடைய பண்டிகையாக ஏற்றுக்கொள்கிறார். ஓரமே விடாமல் முற்ற அறுத்துக்கொள்கிறவன், அதிகாரமும் வசனமும் சொல்லிக் காத்தாலும், தன் பண்டிகையைத்தான் கொண்டாடுகிறான்.