வண்டிக்குப் பின்னால் யார்?

கார் வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்? பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி? ஏசி போட்டால் எவ்வளவு குறையும்? மாதத் தவணை எவ்வளவு வரும்? எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அத்தனையும் வண்டிக்குள் உட்காரப் போகிறவரைப் பற்றியவை. அதே வண்டி பின்னோக்கி நகரும்போது அதன் பின்னால் நிற்கப் போகிறவர் அந்த இடத்தில் இருப்பதில்லை. அவர் விலை பேசுவதில்லை, கையெழுத்துப் போடுவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கும் வியாபாரத்தில் அவருடைய பாதுகாப்பும் சேர்த்தே முடிவாகிவிடுகிறது.

காரைக்காலில் ஒரு பழைய மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. கைமாறி வந்த சின்ன வண்டி. பின்பக்க பம்பரில் சென்சார் கிடையாது, கேமராவும் கிடையாது. ரிவர்ஸ் போட்டால் வெள்ளை விளக்கு எரியும், அவ்வளவுதான். இந்தியாவில் 2019 ஜூலை 1-ஆம் தேதி முதல் தயாராகும் பயணிகள் கார் ஒவ்வொன்றிலும் பின்பக்க பார்க்கிங் சென்சார் இருந்தே ஆக வேண்டும். ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் வரும் எச்சரிக்கை, வேகம் கூடினால் வரும் எச்சரிக்கை ஆகியவற்றோடு மத்திய அரசு கட்டாயமாக்கிய விஷயம் அது. பெங்களூரிலிருந்து 2001-இல் வந்த ரேவாவில் தொடங்கி, அந்தத் தேதிக்கு முன் சாலைக்கு வந்த மின்கார்களை இந்த விதி தொடாது. அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன, கைமாறுகின்றன. புதுக் கார் என்றாலும் கட்டாயம் பின்பக்கத்துக்கு மட்டும்தான். முன்பக்க சென்சாரும் சுற்றுப்புறம் முழுவதையும் காட்டும் கேமராவும் பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில்தான் கிடைக்கின்றன.

பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் மின்கார் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து வண்டிகள் எல்லை தாண்டி இங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவது நாங்கள் அன்றாடம் பார்ப்பது. ஆனாலும் மின்காருக்கு ஏற்ற மண் இது. ஏற்ற இறக்கம் இல்லாத டெல்டா. திருநள்ளாறு 5 கிலோமீட்டர். நிரவியும் கோட்டுச்சேரியும் திருமலைராயன்பட்டினமும் பக்கத்திலேயே இருக்கின்றன. நாகப்பட்டினமே சுமார் 20 கிலோமீட்டர்தான். பழைய பேட்டரிகூட இந்த ஓட்டத்துக்குத் தாங்கும். புகை இல்லை, சத்தம் இல்லை. அந்தச் சத்தமின்மைதான் எனக்கு முதலில் பிடித்தது. இப்போது அதிகம் யோசிக்க வைப்பதும் அதுதான்.

வாங்கிய புதிதில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, உன் வண்டி பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் தெரியவே மாட்டேங்குதுப்பா. பழைய வண்டின்னா உறுமும், நாங்களா ஒதுங்கிக்குவோம். இது பூனை மாதிரில்ல வருது!"

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. கார் வந்த நாளிலிருந்து எஞ்சின் சத்தம்தான் தெருவுக்கு எச்சரிக்கை மணி. ஸ்டார்ட் செய்யும் ஓசை கேட்டதும் படுத்திருக்கும் நாய் எழுந்து போகும். உள்ளேயிருந்து யாராவது பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இல்லை, தானாகக் கிடைத்த காவல். மின்மோட்டார் வந்ததும் அந்தக் காவல் போய்விட்டது. ரிவர்ஸுக்கென்று தனி கியர்கூட அதற்கு வேண்டாம். அதே மோட்டார் எதிர்த் திசையில் சுழலும், பெடலை மிதித்ததுமே இழுவிசை வந்துவிடும். ஆகவே பெட்ரோல் காரில் சென்சார் இல்லாதது வேறு, மின்காரில் இல்லாதது வேறு. பெட்ரோல் காரில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது, ஆனால் பின்னால் இருப்பவருக்கு வண்டி கேட்கும். மின்காரில் இவருக்கும் தெரியாது, அவருக்கும் கேட்காது.

காரைக்கால் தெருக்களில் தரையோடு தரையாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அதிகம். மார்கழி விடியலில், வெளிச்சம் சரியாக வருமுன்பே, வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போடுகிறார்கள். இடது கையில் மாவுக் கிண்ணம், முதுகு தெருப்பக்கம், முந்தானை இடுப்பில் செருகியிருக்கும். புள்ளி தப்பாமல் இழை இழுப்பவரின் கவனம் முழுக்க விரல் நுனியில் இருக்கும். மீனவக் கிராமத்துச் சந்துகளில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைச் சரிசெய்கிறார்கள். அறுவடை நாளில் சாலையோரம் நெல் காய்கிறது, அதைக் கிளறிவிடுகிறவர் குனிந்தபடியே நடக்கிறார். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வரும் வெளியூர்க்காரர்களுக்கு எந்தச் சந்திலிருந்து எந்த வண்டி வரும் என்பது தெரியாது.

இவர்களில் பலர் ஓட்டுகிறவரின் கண்ணாடியில் விழ மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவரின் தலை பின்கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்புக்கும் கீழே நின்றுவிடும். இரண்டு வயதுப் பிள்ளை எழுந்து நின்றாலும் அதே கதைதான். இவர்களை வேறெங்காவது போய் உட்காரச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. தெரு காருக்கு முந்தியது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் உலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வந்து விழும், தெரு முழுக்க நீட்டிய கைகளாக இருக்கும். அன்றைக்கு அங்கே காருக்கு வழியில்லை என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மற்ற நாட்களிலும் தெருவில் முதல் உரிமை காலால் நடப்பவருக்கும் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் சென்சார் பொருத்திவிட்டால் தீர்ந்ததா? அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது. பம்பரில் சட்டைப் பொத்தான் அளவில் தெரியும் அந்த வட்டங்கள் நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகின்றன. நொடிக்கு 40,000 அதிர்வுகள், சிலவற்றில் அதற்கும் மேல். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது கருவி. ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் சுவரிலிருந்து எதிரொலி திரும்ப ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. நல்ல கருவிதான். ஆனால் சுவரைக் கண்டுபிடிப்பதுபோல எல்லாவற்றையும் அது கண்டுபிடிக்காது. மெல்லிய கம்பி தப்பும். பம்பருக்குக் கீழே தாழ்வாக இருப்பது தப்பும். துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். சேறு அப்பினால் கண் மூடியதற்குச் சமம், ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் ஊர்ச் சாலையில் சேற்றுக்குப் பஞ்சமும் இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றால் சாதாரணமாக நடக்கிற வேகம். அந்த வேகத்தில் பின்னால் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். ஒன்றரை மீட்டரில் 'பீப்' என்று ஒலி தொடங்கி, அது காதில் விழுந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. ஆக, சென்சார் இருந்தாலும் காப்பாற்றுவது ஓட்டுகிறவரின் நிதானம்தான். நிதானமாக எடுப்பவருக்கு மட்டுமே அது உதவும்.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 2002-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், தகப்பன் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது இரண்டு வயது மகன் அடியில் சிக்கி இறந்தான். அந்தக் குடும்பமும் அதே துயரம் கண்ட மற்ற பெற்றோர்களும் போராடினார்கள். 2008-இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியது. காரின் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடம் ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று அதன் வழியாக விதி வந்தது. அந்த விதி எல்லாப் புதுக் கார்களுக்கும் முழுமையாக நடைமுறைக்கு வர 2018 மே மாதம் ஆயிற்று. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் நடுவே பத்து வருடம்.

மின்காரின் சத்தமின்மையைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் பார்வையற்றோர். காதை நம்பித் தெருவைக் கடப்பவர்களுக்கு ஓசையில்லாத வண்டி எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அமெரிக்காவில் அவர்களுடைய அமைப்புகள் எடுத்துச் சொல்லி, 2010-இல் நாடாளுமன்றத்தில் அதற்கென்று ஒரு சட்டம் நிறைவேறச் செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புது மின்கார் ஒவ்வொன்றும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னால் வரும்போதும் வெளியே கேட்கும்படி ஒலி எழுப்ப வேண்டும். நம் நாட்டிலும் 2025-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கான வரைவு அறிவிப்பை வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் புது வண்டிக்கு வரும் விதி, என்னுடையதைப் போல ஏற்கெனவே தெருவில் ஓடும் பழைய வண்டிக்குத் தானாக வந்து சேராது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்விக்கு நம் ஊர் எப்போதோ கண்ட விடையைப் பார்க்கலாம். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் நிற்பார். விசில் ஊதுவார், உள்ளங்கையால் தகரத்தைத் தட்டுவார். லாரி என்றால் கிளீனர் "வா, வா, இன்னும் வா" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்து, "போதும்ணே!" என்று நிறுத்துவார். கவனித்துப் பாருங்கள், அவர் டிரைவரிடம் மட்டும் பேசுவதில்லை. "தள்ளி நில்லுங்கம்மா, வண்டி வருது", "தம்பி, சைக்கிளை எடு" என்று பின்னால் இருப்பவர்களிடமும் பேசுகிறார். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்று, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஆளாக இருக்கிறார்.

சென்சார் இதில் பாதியைத்தான் செய்கிறது. அதன் 'பீப்' காருக்குள் மட்டும் கேட்கும், பின்னால் குந்தியிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. தனியாகக் கார் ஓட்டும் நாம் அந்தக் கிளீனரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டோம். பெட்ரோலை விட்டபோது எஞ்சின் சத்தத்தையும் அனுப்பிவிட்டோம். இரண்டிலும் லாபம் நமக்கு. நட்டம் இந்த வண்டியால் எந்தப் பயனும் பெறாத ஒருவருக்கு. எனக்குக் கிடைத்த சௌகரியத்துக்கு வேறொருவர் ஆபத்தால் விலை கொடுக்கிறார் என்றால், அதைச் சரிசெய்யும் கடமை முழுவதும் என்னுடையது. மின்கார் வாங்கியதால் பூமிக்கு நன்மை செய்கிறேன் என்று பெருமைப்படுவதற்கு முன் என் தெருவுக்கு நான் செய்ய வேண்டியது இது.

ஆகவே சென்சார் பொருத்தினேன். வெளிக்கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலைதான். மெக்கானிக் கேட்டார்: "சார், உள்ளே டிஸ்ப்ளே வேணுமா, சும்மா பீப் மட்டும் போதுமா?" நான் கேட்டது ரிவர்ஸ் போட்டால் வெளியேயும் ஒலிக்கும் பஸ்ஸர். வீட்டு வாசலில் நிறுத்தும்போதே பின்பக்கமாக உள்ளே எடுத்து நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வரும்போது சுற்றுப்புறம் கண்ணில் பட்டிருக்கும், புறப்படும்போது தெருவை நேருக்கு நேர் பார்த்தபடி வெளியே வரலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். கருவி வந்த பிறகும் அதை விடவில்லை. அந்தச் சில அடி நடையில் நானே கிளீனராகிறேன், வண்டிக்குப் பின்னால் நிற்பவர் எதைப் பார்க்கிறாரோ அதை நானும் பார்க்கிறேன்.

கார் செய்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். தோல் சீட்டும் பெரிய திரையும் காசு கூடக் கொடுத்தால் கிடைக்கட்டும், அவை உட்காருபவரின் சொந்த விஷயம். அடுத்தவர் உயிரைக் காக்கிற கருவியையும் அதே பட்டியலில் வைத்து, விலை கூடிய மாடலில் மட்டும் தருவது நியாயமில்லை. விலை குறைந்த காருக்குப் பின்னால் நிற்கும் குழந்தையின் உயிர் விலை குறைந்ததில்லையே.

அடுத்த முறை கார் பார்க்கப் போகும்போது, எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பதற்கு முன், பின்னால் நிற்பவர் எனக்குத் தெரிவாரா, நான் வருவது அவருக்குக் கேட்குமா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பொருத்தித் தரச் சொல்லி வற்புறுத்துங்கள், இல்லையென்றால் வெளியிலாவது பொருத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள், சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறுமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடம் தெருவுக்கு நாம் பட்டிருக்கும் கடன், அதை ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிடுவோம்.